ஊதா நிறத்தில் பிரேக் ஆயில்

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, மூன்றாவது வளைவில் நொலீன் பிரேக்கை மிதித்தாள். பெடல் பஞ்சுபோல அடிவரைக்கும் போயிற்று. விட்டு விட்டு மிதித்தும் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி ஒருவழியாக வண்டியை நிறுத்தினாள். முன்பக்கம் நசுங்கியது. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்தாள். அவளும் டிரூடியும் பதினெட்டு வருஷமாகச் சேர்ந்து வைத்திருக்கும் வண்டி அது. ஹோபார்ட் நகருக்குப் பக்கத்து மலைப் பந்தயங்களில் மாறி மாறி ஓட்டுவார்கள். இன்ஜின் டிரூடியின் பொறுப்பு, பிரேக் நொலீனுடையது. வருஷாவருஷம் பழைய ஆயிலை வடித்துவிட்டு, அப்போதுதான் மூடி திறந்த டின்னிலிருந்து டாட் ஃபோர் ரக ஆயிலை ஊற்றுவாள். தேன் நிறத்தில் இருக்கும்.

இப்போது பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இருந்தது ஊதா.

டாட் ஃபைவ், சிலிகான் ஆயில். பழைய ஆயிலோடு அது கலக்காது. மலையில் அதிர்ந்து சூடேறினால் குமிழி கட்டி பெடல் தொய்ந்துவிடும். இது டிரூடிக்கும் நன்றாகத் தெரியும். வண்டி நிற்கும் ஷெட்டுக்குள் வேறு யாரும் நுழைவதில்லை.

வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டு நேராக டிரூடியின் பேக்கரிக்குப் போனாள். டிரூடி அடுப்பிலிருந்து இறைச்சி அடைத்த பேஸ்ட்ரித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி ஆச்சு கையில?”

“பிரேக் ஆயிலை மாத்தினியா?”

டிரூடி தட்டைக் கீழே வைத்தாள். “ஐயோ, வண்டிய எடுத்தியா? இந்த மாசம் மலைக்குப் போகலேன்னியே!”

“மாத்தினியான்னு கேட்டேன்.”

“அது வந்து... சிந்தினாலும் பெயின்டை அரிக்காதுடி. உன்னோட ஆயில் ஒரு சொட்டு பட்டா உரிஞ்சுடும்.”

“கல்லடி படாத இடம் ஒரு சாண் இருக்கா அந்த வண்டில? பெயின்டுக்காக அந்த ஆயில ஊத்துறது கண்ணாடி ஹால்ல நிறுத்தி வேடிக்கை காட்டுற வண்டிக்குத்தான்.”

சொன்ன பிறகுதான் நொலீனுக்கே உறைத்தது. டிரூடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யாருடி வாங்கப்போறவன்?”

“லான்செஸ்டன்காரர். பழைய வண்டி சேக்குறவர். புதுசா பெயின்ட் அடிக்கப்போறாராம், அதுக்கு முன்னாடி ஆயிலை மாத்தச் சொன்னார். உன்கிட்ட சொல்லத்தான் இருந்தேன், நொல்.”

“எப்போ? நான் பள்ளத்துல கெடக்கும்போதா?”

“நீ எடுக்கமாட்டேன்னு நெனச்சேன்...”

“ஸ்டீயரிங்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாமே, ‘மலைக்கு எடுக்காதே’ன்னு. ஒட்டினா ஏன்னு கேட்டிருப்பேன். அதான ஒட்டல?”

அவள் அழுதிருந்தால்கூட நொலீனால் தாங்கியிருக்க முடியும். டிரூடியோ துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என் கையெழுத்து இல்லாம அது எங்கயும் போகாது” என்று சொல்லிவிட்டு நொலீன் வெளியே வந்தாள்.

கை குணமாக மூன்று வாரமாயிற்று. குழாய், ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, ஊதா சுத்தமாகப் போகும்வரை கழுவினாள். புது ஆயில் ஊற்றி, குழாயில் தங்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர், பெடலில் ஒருவர். டிரூடி ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

“நான் மிதிக்கிறேன்டி.”

“வேண்டாம்.”

பக்கத்து வீட்டுத் தபால்காரர் கிளைவைக் கூப்பிட்டாள். மிதித்துப் பிடிக்கச் சொன்னால் அவர் பெடலை விட்டார், விடச் சொன்னால் மிதித்தார். மறுபடி மறுபடி காற்று புகுந்தது.

“பழகின ஆளா யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேம்மா” என்று அலுத்துக்கொண்டார்.

“நீங்க மிதிங்க, கிளைவ்” என்றாள் நொலீன், வண்டிக்கு அடியிலிருந்து.