எட்டாம் நம்பர் செருப்பு

பதினோரு வருடமாக மட்டாஞ்சேரியில் சைக்கிள் மிதிக்கிறேன். ஒரு நாள் விழுந்ததில்லை, ஒரு சொட்டு மாவு சிந்தியதில்லை. அதனால் ஜூ டவுன் ஹோட்டலில் இட்லி கல்லாக வருகிறது என்று புகார் வந்தபோது, குற்றம் என் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேராக என் அண்ணன் மனைவி ராக்கம்மாள் மைனி மேல் பாய்ந்தேன்.

எங்கள் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மைனி பனயப்பள்ளி வீட்டில் மாவாட்டி, டிரம்மில் ஊற்றிப் புளிக்க வைப்பாள். நான் காலை ஐந்தரைக்குப் போய், அவள் மூடி வைத்த டிரம்மைக் கேரியரில் கட்டி, ஆறு மணிக்குள் ஹோட்டல் அடுப்படியில் இறக்குவேன். அங்கே பொங்கிய மாவுதான் வேண்டும். இறக்கிய உடனே தட்டில் ஊற்றிவிடுவார்கள்.

அந்த அடுப்படிக்குப் பொறுப்பு மஞ்சுஷா சேச்சி. வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு வாரமாக இட்லி சரியில்லை, தங்க வருகிறவர்கள் பாதி தின்றுவிட்டு வைத்துவிடுகிறார்கள், ஆலுவாவிலிருந்து வேனில் மாவு கொண்டுவர ஒரு ஆள் தினமும் போன் செய்கிறார் என்றார். "ஞாயிறாழ்ச்ச வரெ நோக்காம் சங்கரி. அன்னும் இங்ஙனெ எங்கில், எனிக்கு வேறெ வழி இல்லா." ஞாயிற்றுக்கிழமை வரைதான் தவணை, அன்றும் இப்படியே இருந்தால் ஆலுவா மாவுதான்.

அந்த ஹோட்டல் போனால் எங்கள் கிரைண்டருக்குப் பாதி வேலை போய்விடும். கொதித்துப்போய் மைனி வீட்டு வாசலில் நின்றேன். உளுந்தைக் குறைத்தீர்களா, தண்ணீரை அதிகமாக ஊற்றினீர்களா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டேன். மூடும்போது மாவு விளிம்பு வரை பொங்கித்தான் இருக்கிறது, வேண்டுமானால் திறந்து பார் என்றாள். நான் பார்க்கவில்லை. "ஒங்களுக்குக் கவனம் போயிருச்சு மைனி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் ஒரு செருப்பும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் மைனி தோப்பும்படியில் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்திருந்தாள். நீல வார், மெத்தென்ற அடி. என் அளவு ஏழு, கடையில் இருந்தது எட்டு. ஒரு நம்பர் பெரிதாக இருந்தால் அதிக நாள் உழைக்கும் என்பது அவள் கட்சி. சைக்கிளில் ஏறினால் அது நழுவிக்கொண்டே போகும். விரல்களை மடக்கி, முன்பாதத்தைக் கீழே குத்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். கெண்டைக்கால் விண்விண் என்று வலித்தது. நாற்பத்திரண்டு வயதுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தடவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறல். ஈரத்தில் செருப்பு இஞ்சி மூட்டை அடுக்கும் கிட்டங்கி முன்னால் ஒரு தடவை விழுந்தது, வளைவில் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை விழுந்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டையும் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு மிதித்தேன்.

நடுப்பாதத்தை வைத்தால் பெடல் உறுத்தியது. காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை வைத்தேன். மிதி கீழே போகையில் குதிகால் தாழ்ந்தது, திரும்பி வருகையில் தானாக எழுந்தது. கணுக்கால் கதவுக் கீல் மாதிரி லேசாக அசைந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு வாரமாக ஒவ்வொரு மிதிக்கும் கேரியர் துள்ளி, டிரம்முக்குள் தளக் தளக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. டயரில்தான் கோளாறு என்று நினைத்து, இரண்டு தடவை காற்றுகூட அடித்திருந்தேன்.

மஞ்சுஷா சேச்சி மூடியைத் திறந்தார். மாவு பொங்கி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. முதல் ஈடு வெந்ததும் ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்கும் இதே மாவு வந்தால் போதும், ஆலுவாக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். என்ன மாற்றினாய் என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று காலி டிரம்மை எடுத்துக்கொண்டேன்.

டிரம்மைக் கழுவி, பாதிக்குத் தண்ணீர் பிடித்து, மூடாமல் கேரியரில் கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் பின்முற்றத்தில் ஒரு சுற்று மிதித்தேன். தண்ணீர் துள்ளி என் முதுகை நனைத்தது. வெறுங்காலோடு இரண்டு சுற்று. ஒரு சொட்டு தெறிக்கவில்லை. மைனி பொங்கப் பொங்கக் கொடுத்த மாவை நானே வழியெல்லாம் குலுக்கி, காற்றைப் போக்கியிருக்கிறேன்.

திரும்பும் வழியில், செருப்பு வாங்கித் தந்தது யார் என்ற நினைப்பு வந்தது. நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. அதைக் கொண்டுபோய் மைனி முன்னால் போட்டு, எல்லாம் உங்களால்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்தேன். பனயப்பள்ளி வரை அந்த நினைப்போடுதான் மிதித்தேன்.

மைனி மறுநாளைக்கு உளுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாகப் பேசிக்கொண்டே கையால் அள்ளிப் போடுகிறவள். இன்று படியில் அளந்து, விளிம்பை விரலால் வழித்து, சந்தேகம் வந்து திரும்பக் கொட்டி அளந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ சொன்ன பெறவு ஒரு பிடி கூடத்தான் போடுதேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாவு நல்லாத்தான் இருந்துச்சு மைனி. நான்தான் மிதிக்கத் தெரியாம மிதிச்சுக் கெடுத்தேன்."

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். ஹேண்டில்பாரில் தொங்கிய நீல வாரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"செருப்பு பெருசாப் போச்சோ?"

"செருப்பு சரியாத்தான் இருக்கு. என் காலுதான் ஒரு நம்பர் சின்னது."

மைனி படியைக் கீழே வைத்தாள். மூட்டைக்குள் கையை விட்டு, அளக்காமல் உளுந்தை அள்ளிப் போட்டாள்.