நான்காவது முட்டை

கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, இறக்கை இரண்டையும் விரித்து, உஸ்ஸென்று சீறிக்கொண்டு ஓடுகிறது என் கூஸ் வாத்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக் கேட்டுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்காமல் காலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் கத்துகிறார், புடி புள்ள, அந்தச் சனியனப் புடி, பின்னால் உட்கார்ந்திருக்கிற கறிக்கடைக்காரன் மடியில் சாக்குப்பை, நான் தவிட்டுச் சட்டியோடு கோழிகளுக்கு நடுவில் நிற்கிறேன், பிடிக்கவில்லை, எதற்குப் பிடிக்க வேண்டும், நாளைக்குக் கூட்டாளிகள் வருகிறார்களாம், வாத்துக்கறி ஆக்கிப்போட வேண்டுமாம், காலையில் வண்டியை எடுக்கும்போது போகிறபோக்கில் சொன்னார், என்னிடம் கேட்கவில்லை, என்றைக்கு எதைக் கேட்டிருக்கிறார் இந்த மனுசன், அன்றைக்கும் இப்படித்தான் இதே கேட்டில் வந்து நின்றார், சோற்றுப் பையில் துணி சுற்றி நான்கு முட்டைகள், கோழிக்கூண்டுக்குள் பாம்பு புகுந்து ஆறேழு குஞ்சுகளை முழுங்கிவிட்டுப் போயிருந்தது, கூஸ் வாத்து இருந்தால் பாம்பு அண்டாதென்று டீக்கடையில் யாரோ சொன்னார்களாம், ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் வாங்கி வந்தாராம், இதென்னுங்க இத்தாம் பெருசு என்றேன், முட்டைன்னா முட்டைதான், உன்ற சாம்பக் கோழிக்கு அடை வெய்யி, பொரிச்சிட்டுப் போகுது.

வைத்தேன். கூடையில் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, இடி இடித்தால் கரு கலங்கக் கூடாதென்று எப்போதும் போல ஓர் அடுப்புக்கரியும் இரும்புத் துண்டும் ஓரத்தில் செருகி, சாம்பல் கோழியைத் தூக்கி உட்கார வைத்தேன், பாவம், அதற்கு அந்த நான்கையும் மூட வயிறு பற்றவில்லை, இறக்கையை அகட்டி அகட்டிப் பார்த்தது, தன் முட்டையைப் புரட்டுகிற மாதிரி அலகால் புரட்டப் பார்த்தது, அசைந்தால்தானே, நானே ஈரக் கையோடு புரட்டிவிட்டேன், கொத்தும், கொத்திக்கோடி என்பேன், இந்தத் தழும்பெல்லாம் அதனுடையதுதான், மூன்று வாரம் ஆனது, கோழிக்கு அதுதானே கணக்கு, அதற்கு மேலும் ரெண்டு மூணு நாள் போனது, ஓடு கீறவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தை வந்து எட்டிப் பார்த்தது, அத்தனையும் கூமுட்ட, நாத்தம் கெளம்பறதுக்குள்ள தூக்கி வீசச் சொல்லுடா என்று மகனிடம் சொன்னது, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டேன், நான்கும் தானாக ஆடின, என் கண்ணால் பார்த்தேன், ஏனுங்க, உள்ள உசுரு இருக்குதுங்க, கோழிக்கு வேற இதுக்கு வேற நாளா இருக்கும், கேட்டுப் பாருங்க அந்தத் தோப்பு வீட்டுல என்றேன், உனக்கென்ன தெரியும் கூமுட்ட என்று சிரித்தார், கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக அந்தப் பெயர்தான் எனக்கு.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன், சாம்பல் காலிக் கூடையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அந்தக் கேவலை நான் எந்தக் கோழியிடமும் கேட்டதில்லை, அரிசியைப் போட்டது போட்டபடி குப்பைக்குழிக்கு ஓடினேன், அவர் வீசியதில் மூன்று உடைந்து கிடந்தன, ஒன்றில் ஈரமான மயிர், அலகு, கால் விரல்களுக்கு நடுவே சவ்வுகூட வந்துவிட்டது, கையில் எடுத்தேன், வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறக்கவில்லை. நான்காவது மட்டும் சாணிக் குவியல் மேல் விழுந்து முழுசாக இருந்தது, முந்தானையில் துடைத்து, சாம்பலின் அடியில் வைத்து, கூடை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், சோற்றை அவரவர் போட்டுத் தின்னட்டும் என்று, உட்கார்ந்தபடியே கண் அசந்தால் நான்தான் ஓட்டுக்குள் இருக்கிறேன், வெளியே அவர் குரலும் அத்தை குரலும், இன்னுமா, இன்னுமா, ஆச்சுன்னு வீசிரு, தட்டுகிறேன், உள்ளே இருந்து தட்டுகிறேன், விழித்தால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை, முட்டை, முட்டைதான் தட்டுகிறது, குப்பைக்குழியிலிருந்து எடுத்து ஒரு வாரம் கழித்து அது வந்தது, மஞ்சளாய், நனைந்து, தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டு.

என்ன சொன்னார் தெரியுமா, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், இல்லை, டீக்கடையில் போய் நாங் கொண்டாந்த முட்டையாக்கும் என்று சொல்லியிருக்கிறார், அந்த மூன்றைப் பற்றிப் பேச்சே இல்லை, சாம்பல் மண்ணைச் சீய்த்துப் புழுவைக் காட்டிக் காட்டிக் கூப்பிடும், இது புல்லைப் போய் மேயும், துணி ஊறவைக்கிற தொட்டியில் இறங்கி நீந்தினால் பிள்ளை செத்துவிட்டதென்று சாம்பல் தொட்டியைச் சுற்றி ஓலமிடும், இது வளர்ந்து இடுப்புயரம் ஆன பிறகும் சாயங்காலமானால் தலையை மட்டும் சாம்பலின் இறக்கைக்கடியில் நுழைத்துக்கொண்டு தூங்கும், அத்தையைச் சீறாது, பால்காரரைச் சீறாது, அவரைக் கண்டால் மட்டும் இப்படி, ஓட்டுக்குள் இருந்து அந்தக் குரலைக் கேட்டுவைத்திருக்குமோ என்னமோ, கேட்டிருக்கும், நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

என்ன புள்ள, செவுடா, புடிச்சு அமுக்கு, நேரமாகுது. சட்டியைக் கீழே வைத்தேன். நடந்தேன், அப்படிப் போ, கழுத்தப் புடி என்கிறார், வாத்தைத் தாண்டிப் போய் கேட்டுக்கு உட்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டேன், மூணப் போட்டு ஒடச்சீங்க, உசுரோட ஒடச்சீங்க, இது நான் பொறுக்கிட்டு வந்தது, இந்தச் சாக்கத் தூக்கிட்டு எவன் உள்ள கால் வெக்கறான்னு பாக்கறேன், கறி வேணும்னா கடையில வாங்கி நீங்களே ஆக்கிப் போடுங்க உங்க கூட்டாளிக்கு, என் குரலா அது, கோழியெல்லாம் சிதறி ஓடின, கறிக்கடைக்காரன் சாக்கைச் சுருட்டி, அண்ணா, நான் அப்புறம் வாரேன் என்று இறங்கிவிட்டான். அவர் தரையில் காலை ஊன்றி வண்டியைப் பின்னால் தள்ளுகிறார், வாத்து எப்போதோ சீறுவதை நிறுத்திவிட்டு, என் முந்தானைக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது, அவர் இன்னும் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறார்.