உழாமல் விட்ட மேல் பாதி

சைதாப்பேட்டையில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் கரோல் வெகுநாளாக வேலை பார்க்கிறாள். சரிவு நிலத்து மண் வந்தால் பிரித்துப் பார்க்கும் முன்பே அவளுக்கு அலுப்புத் தட்டிவிடும். மேலிருந்து கீழாக உழுதிருப்பார்கள். மழை அந்த உழவுச் சாலிலேயே ஓடி மேல்மண்ணை அள்ளிப் போயிருக்கும். சரிவுக்குக் குறுக்கே உழச் சொல்வாள். தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுந்தரவல்லி கொண்டுவந்த மண்ணும் அப்படித்தான் இருந்தது. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் அவளுடைய அண்ணன் இசக்கிமுத்து உளுந்து போடும் நிலம். மேட்டுப் பக்கத்து மண்ணில் ஊற்றிய நீர் இறங்காமல் தேங்கி நின்றது. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுததால் அதற்குக் கீழே மண் இறுகிக் கல்லாகியிருந்தது. கரோல் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்.

சுந்தரவல்லி தலையாட்டவில்லை.

"குறுக்க உழுதப்பதான் மேடம் டிராக்டர் கவுந்துட்டு. அண்ணனுக்கு ஒரு கால் போயிட்டு. இப்ப வேற ஆள்தான் ஓட்டுதாங்க. ஆனா யாரையும் குறுக்க விடமாட்டான்."

கரோல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்போ மேல் பாதிய உழவே வேணாங்க. அறுத்த செடிய அங்கயே பரப்பிவிட்டுட்டு, கொத்தி வெத போடச் சொல்லுங்க."

சுந்தரவல்லி அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். உழாத நிலத்தைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்றான் இசக்கிமுத்து. களை மண்டும் என்றான். மண்டத்தான் செய்யும், கையால்தான் எடுக்க வேண்டும் என்று கரோல் ஒப்புக்கொண்டாள். கடைசியில் இசக்கிமுத்து இறங்கி வந்தான்.

"சரி, பாப்போம். இந்தக் காலோட உழவு வேல பாக்க எனக்கும் ஏலல."

மழைக்காலம் முடிந்து சுந்தரவல்லி மறுபடி இரு பாதி மண்ணோடும் வந்தாள். மேல் பாதி மண்ணில் இந்த முறை நீர் மெதுவாக இறங்கியது. அடியிலிருந்த இறுக்கம் அப்படியேதான் இருந்தது. அது இளக வருஷக்கணக்காகும் என்பதைக் கரோல் மறைக்கவில்லை. விளைச்சலும் குறைவுதான் என்றாள் சுந்தரவல்லி. ஆனால் மேட்டில் மண் அரிக்கவில்லை. உழுத கீழ்ப் பாதியில்தான் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"அடுத்த தடவ கீழயும் உழமாட்டேங்கான் மேடம். களையெடுத்து இடுப்பு போயிட்டுன்னு தேவானை அண்ணி சண்ட போடுதா."

அண்ணி சண்டை போடுவது நியாயம்தான், களைக்கு ஆள் வைக்கச் சொல்லுங்கள் என்றாள் கரோல். பிறகு சுந்தரவல்லியை உட்காரச் சொல்லிவிட்டு, கீழ்ப் பாதி மண்ணை எடுத்து, நீர் இறங்குகிறதா என்று பார்க்க நனைக்க ஆரம்பித்தாள்.