கரைக்குத் தைத்த சாக்குகள்

மழை இருட்டினாலே தையல்காரி தையலை விட்டுவிட்டு ஆற்றை எட்டிப் பார்ப்பாள். ஆற்றை ஒட்டிய தெருவில் கடைசி வீடு அவளுடையது. வெள்ளம் வந்தால் நெருங்கிய சொந்தம் மாதிரி நேராக அவள் வாசலில்தான் காலெடுத்து வைக்கும். மூன்று தையல் மெஷின்களையும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஏற்றி இறக்கியே அவளுக்கும் நாத்தனாருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் மண்கரை எழும்பியிருந்தது. வெயில் காலம் முழுக்க லாரி லாரியாகக் களிமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கினார்கள். ரோலர் ஓட்டியவனைத் தெருவே 'உருளை' என்று கூப்பிட்டது. ஆளும் அதற்குத் தகுந்த வாகுதான். தைத்து மடித்த துணியெல்லாம் புழுதி என்று அவனோடு அவள் மல்லுக்கு நிற்காத நாளில்லை.

"இந்த மண்ணா தண்ணியத் தடுக்கப் போகுது?" என்பாள்.

"தடுக்கும்க்கா" என்பான், வண்டியை நிறுத்தாமலே.

அடைமழை பிடித்தது. ஆறு ஏறுகிறது என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் அவளும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கமாக மெஷினைத் தூக்கினார்கள். அப்போது உருளை தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, கரையடியில ஒரு இடத்துல கசியுது. தண்ணி கலங்கலா வருது, உள்ள இருக்குற மண்ணையும் இழுக்குது. சுத்தி மூட்டை அடுக்கணும். மண்ணு கிடக்கு, சாக்குதான் பத்தல."

"உடைஞ்சிருமா?"

"இப்பவே அடுக்கிட்டா நிக்கும்."

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். யாரோ திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த கெட்டித் துணி ஒரு கட்டு இருந்தது. நாத்தனார் ஒரு கணம் தயங்கினாள்.

"அடுத்தவங்க துணி, அண்ணி."

"அவங்க வீடும் இந்தக் கரைக்குக் கீழதான் இருக்கு. வெட்டு."

கரண்ட் போயிருந்தது. காலால் மிதிக்கும் பழைய மெஷின்தான் கைகொடுத்தது. நாத்தனார் வெட்ட வெட்ட, அவள் சாக்குகளாகத் தைத்துத் தள்ளினாள். பஸ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தெருவே வரிசையாக நின்று மண் நிரப்பியது.

சாயங்காலம் அவர் சேறும் சிரிப்புமாக வந்தார். "கசியுற தண்ணி தெளிஞ்சிருச்சு, மண்ண இழுக்கல. இனி பயமில்லையாம். வந்து பாரு."

அவள் கரைமேல் ஏறினாள். அந்தப் பக்கம் ஆறு அவள் வீட்டு ஜன்னல் உயரத்துக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது. இந்தப் பக்கம் அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூட்டைகள் பக்கத்திலிருந்து உருளை கையெடுத்துக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிக்கா."

"நான் சொல்ல வேண்டியத நீ சொல்றியே தம்பி" என்றாள். கரையிலிருந்து இறங்கிக்கொண்டே, "கூட இருக்குறவங்களையும் கூட்டிட்டு வா. அடுப்பு மூட்டப் போறேன்" என்றாள்.

ஈர உடம்புகளால் கூடம் நிறைந்தது. தட்டு போதாமல் மாடி வீட்டில் வாங்கினார்கள். வெளியே மழை விட்டபாடில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் கை துடைத்தபடி கேட்டாள்: "இப்ப என்ன பண்ணணும் அண்ணி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காரு."