ஐந்தரை முதல் ஆறரை வரை காக்டெயில்

1

"நின்னுக்கிட்டே குடிக்கதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டாட்டி?"

"நின்னுக்கிட்டு இல்லம்மா, நடமாடிக்கிட்டு. ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசி…"

"பேசுதவன் உக்காந்து பேசமாட்டானா? ராயகிரியில இருந்து முட்டுவலியோட வாரவுகள…"

"முழுசாச் சொல்ல விடும்மா, ஒருக்காவது…"

"சொன்னது போதும். ஓரத்து மேசையில ஒயின் வைக்கணும்னு சொல்லிட்டல்லா. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். ஓய்வுபெற்ற டீச்சர் என்று கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். சண்டை ஏற்கெனவே பாதியில் இருந்தது. முதல் குரல் இன்பம், அந்த வீட்டு அம்மாள். இரண்டாவது அவள் மகள் ரெனி. பெங்களூரில் வேலை, அடுத்த மாதம் இங்கே சங்கரன்கோவிலில் கல்யாணம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. காது முழுக்க அங்கேதான் இருந்தது.

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம், வெயில், வாசல் மரமெல்லாம் பிறகு ஒட்டவைப்பது. ஒட்டியது தெரியும். ஆகவே வர்ணனை வேண்டுமென்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

2

இருந்தாலும் கதைக்கு ஒழுங்கான ஆரம்பம் வேண்டுமென்று எழுதிப் பார்த்தேன்.

'மேகங்கள் சூழ்ந்த மாலையில் ரெனி தன் கனவுத் திருமணத்தை…' (சங்கரன்கோவிலில் மேகமா? அடித்துவிட்டேன்.)

'காக்டெயில் நேரம் என்பது மேலை நாகரிகத்தின்…' (கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். நடுவர்கள் என்னைப் போன்றவர்கள் என்பதால் பரிசும் கிடைக்கும்.)

'ரூபஸ் குடியை விட்டு மூன்று வருஷம் நாலு மாதம்…'

இதை அடிக்க மனம் வரவில்லை. ரூபஸ் இன்பத்தின் கணவர், ரெனியின் அப்பா. ரத்தவாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்: இனி ஒரு கிளாஸ் போனாலும் ஆளைப் பிழைக்கவைக்க முடியாது. அன்றிலிருந்து இன்பம் நாட்களை எண்ணுகிறாள். அவர் எண்ணுகிறாரா என்று தெரியாது.

சண்டை நடந்த அறையிலேயேதான் அவரும் இருந்தார். பத்திரிகைக் கவர்களில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அவரைப் பற்றி, அவர் வெளியூரில் இருப்பதுபோலப் பேசினார்கள்.

"அப்பா என்ன சின்னப் பிள்ளையாம்மா? என் ஆபீஸ் ஆளுக பதினஞ்சு பேருக்கு ஒரு மேசை. அவங்க குடிச்சா இவருக்கு என்ன?"

"அத மூணு வருஷம் முன்னால ஆஸ்பத்திரி வராந்தாவுல வந்து கேட்டிருக்கணும்."

3

இப்போது டேவிட்சன் வரவேண்டும். கல்யாணங்களை நடத்திக்கொடுப்பதே தொழில். மதுரையிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்தார். உலகத்தில் எதையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து மணி போட்டுவிடலாம் என்று நம்புகிறவர். நாலு மணிக்குச் சர்ச்சில் ஆசீர்வாதம். ஐந்தரைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ எடுக்கப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை விருந்தாளிகள் மண்டபத்தில் உயரமான மேசைகளைச் சுற்றி நின்றபடி, புதினா மிதக்கும் நீலத் தண்ணீரை உறிஞ்சவேண்டும். ஆறரைக்குப் பந்தி. இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெயர்தான் காக்டெயில்; நீலத் தண்ணீரில் போதை கிடையாது, அது ஓரத்து மேசையில் மட்டும்.

"கெஸ்ட் எல்லாம் மிங்கிள் ஆகணும் மேடம். சேர் போட்டா உக்காந்துருவாங்க."

"உக்காரத்தான தம்பி வாராக."

"என்ட்ரன்ஸ்லயே டிரிங்க்ஸக் கையில குடுத்துருவோம்."

"குடுங்க. எவன் குடிப்பான்?"

"ஏன் மேடம்? நல்ல ஃப்ளேவர்."

"ஜெபம் பண்ணாம எப்படி வாயில வைப்பாக?"*

டேவிட்சனின் விரல்கள் நின்றன. நானூறு பேருக்குக் கிளாஸ் கணக்குப் போட்டவர், அதைக் குடிக்கவிடும் ஜெபத்தை மறந்துவிட்டார்.

"பாஸ்டர் பண்ணிருவாருல்ல?"

"ஐயரு போட்டோ எடுக்குத இடத்துல இருப்பாரு. கேமராவ விட்டுட்டு அவர் வந்து நான் பாத்ததில்ல."

ஆக, சபையே கையில் நீலத் தண்ணீரோடு ஒரு மணி நேரம் அதை வாயில் வைக்காமல் நிற்கும். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்திருந்தது. கதையை இங்கேயே முடிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

டேவிட்சன் தட்டினார்: '5.30 ஜெபம், 2 நிமிடம். பொறுப்பு:'

"ரெனி அப்பாவே பண்ணட்டும்," என்றாள் இன்பம்.

"ஆமா, அப்பாவே பண்ணட்டும்," என்றாள் ரெனி.

அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம். நான் நெகிழவில்லை. நானூறு பேர் முன்னால் ஜெபித்தவர் ஓரத்து மேசைக்குப் போகக் கூசுவார் என்பது தாயின் கணக்கு. அப்பாவே ஜெபித்துவிட்டால் ஒயினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது என்பது மகளின் கணக்கு. ஒருத்தி அவரைப் பூட்டாக்கினாள், இன்னொருத்தி திரைச்சீலையாக்கினாள்.

* ஐயர் என்றால் எங்கள் சர்ச்சின் போதகர். எங்கள் ஆட்கள் ஜெபிக்காமல் ஒரு பஜ்ஜியைக்கூடத் தொடமாட்டார்கள். ஜெபம் நீண்டால் ஒரு கண்ணைத் திறந்து பஜ்ஜி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

4

எனக்கு இந்த ரூபஸின் மேல்தான் சந்தேகம். பேசாத மனிதரை நான் எப்படி எழுதுவது? முடிவு மட்டும் ஏராளமாகக் கைவசம் இருக்கிறது.

ரெனி அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒயினை வேண்டாமென்கிறாள். (முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்தேன். அப்படியொரு பிள்ளையைப் பார்த்ததில்லை.)

ரூபஸ் ஜெபிக்கிறார், நானூறு பேரும் ஆமென் என்கிறார்கள், அவர் ஓரத்து மேசையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (இதைச் சர்ச்சின் எழுப்புதல் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லலாம். காணிக்கைப் பை நிறையும்.)

'ஆமென் சொன்ன கையோடு ரூபஸ் மெல்ல ஓரத்து மேசைக்கு…'

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் எல்லோரையும் ஏளனம் செய்தவளுக்கு ஒரு பயனிலை எழுதத் துணிச்சலில்லை.)

5

ஆகவே நடந்ததை மட்டும் எழுதிவிட்டு விலகிக்கொள்கிறேன். டேவிட்சன் 'பொறுப்பு' கட்டத்தில் ரூபஸின் பெயரைத் தட்டினார். இன்பம் நிம்மதியாக மூச்சு விட்டாள். ரெனியும்தான். ரூபஸ் எழுதிக்கொண்டிருந்த கவரை முடித்து, மை காய ஊதி, பேனாவை மூடி வைத்தார். முதல் தடவையாக மகளைப் பார்த்து ஒன்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அப்படி இருந்திருந்தால் எழுத எனக்கு எளிதாக இருந்திருக்கும். பதில் சொல்லவேண்டியவள் ரெனி. அவள் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

"ஜெபம் பண்ணுதேன் மக்கா. எல்லாக் கிளாஸுக்கும் சேத்துப் பண்ணட்டா, இல்ல அந்த ஓரத்து மேசைய மட்டும் விட்டுட்டுப் பண்ணட்டா?"