அளவுக்கு ஒரு சுத்தியல்

"செல்பி மோகத்தால் விபரீதம்: கல்குவாரியில் இளைஞர் பலி" என்று பேப்பரில் போட்டிருந்தான். போட்டவன் கை விளங்காமல் போக. என் மகன் கோமதிசங்கர் இருபத்தைந்து வருஷத்தில் தன் மூஞ்சியைத் தானே படம் எடுத்து நான் பார்த்ததில்லை. பெண் வீட்டுக்குக் கொடுக்க ஒரு போட்டோ தாடா என்று அவன் அம்மா கேட்டதற்கு ஆதார் கார்டை நீட்டியவன் அவன். அவன் எதற்காக அந்தப் பள்ளத்தில் இறங்கினான் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான். பதினாறு நாளாக வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான்.

நான் குமரகுருபரன். காலேஜில் ஜியாலஜி வாத்தியார். இருபத்தெட்டு வருஷமாகப் பையன்களுக்குக் கல்லைக் காட்டிக் கொண்டிருக்கிறேன். குழம்பு ஆறி உறைந்த பாறை, மண்ணும் மணலும் படிந்து இறுகிய பாறை, பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை என்று மூன்றே வகைதான். அதைக்கூட பரீட்சையில் மாற்றி எழுதுவான்கள். அதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலோ பேனாவோ காசோ வைக்க வேண்டும். வைக்காவிட்டால் படத்தில் இருப்பது கைக்குள் அடங்கும் கல்லா, மலையா என்று கண்டுபிடிக்க முடியாது. அளவு வைக்காத படத்தைக் கொண்டு வருகிறவனின் ரெக்கார்டு நோட்டை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன். எனக்குப் பையன்கள் வைத்த பேர் "ஸ்கேல்". தெரிந்தும் தெரியாதவன் போல் இருந்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

சங்கரும் என்னிடம்தான் படித்தான். ஊருக்கு மேற்கே ஒரு கருங்கல் குவாரியில் போன ஆனியில் வேலைக்குச் சேர்ந்தான். எந்தச் சுவர் நிற்கும், எந்தச் சுவர் சரியும், எங்கே வெடி வைக்கலாம் என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை.

ஐப்பசி மழை நான்கு நாள் கொட்டி வெறித்த மறுநாள். எனக்குப் பிராக்டிகல் வகுப்பு. நாற்பது பேர் குவார்ட்ஸ் கல்லையும் பெல்ட்ஸ்பார் கல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, தெக்குச் சுவத்துல ஒரு பட்டை தெரியுது. பூரா காக்காப்பொன். பள்ளத்தப் பாத்துச் சரிஞ்சிருக்கு. தண்ணி கசியுது. ஆளுகள இறக்குன்னு மேனேஜர் நிக்காரு. என்ன செய்யட்டும்?"

"எம்புட்டுத் தடிப்பு?"

"தெரியலப்பா. மேல இருந்துதான் பாக்கேன். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். கறுப்புப் பாறை, நடுவே காக்காப்பொன், அதாவது மைக்கா, மினுங்குகிற ஒரு கோடு. பக்கத்தில் சுத்தியலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. நாற்பது பையன்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்கள்.

"ஏலே, எங்கிட்டயே படிச்சுட்டு ஸ்கேல் வைக்காம படம் அனுப்புதியே, வெக்கமா இல்ல? விரல் தடிப்புன்னா அது சும்மா வரி. இருபது கிலோமீட்டர் ஆழத்துல வெந்து வந்த கல்லு அது, அம்பத்தஞ்சு கோடி வருசமா நிக்கி. நாலு நாள் மழைக்கு விழுந்துருமாக்கும்?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பையன்கள் சிரித்தான்கள். நானும் சிரித்தேன். பிறகு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது, நானும் ஒரு வரி போட்டேன், போனை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.

வகுப்பு முடிந்து டிராயரைத் திறந்தபோது இரண்டாவது படம் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இந்தத் தடவை ஒழுங்காக எடுத்திருந்தான். சுவரின் அடியில், அந்தப் பட்டையின் மேல் சுத்தியலைச் சாய்த்து வைத்து, நேர் எதிரே நின்று எடுத்திருந்தான். சுத்தியல் ஓர் அடி நீளம். பட்டை மூன்று சுத்தியல் தடிப்பு இருந்தது.

மூன்று அடி காக்காப்பொன் என்றால் என்ன என்று முதல் வருஷப் பையனுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏடு ஏடாக உரிகிற கனிமம் அது. ஒட்டி இருக்கிற பெல்ட்ஸ்பார் மழைத்தண்ணீரில் மக்கிக் களிமண்ணாகும். களிமண் நனைந்தால் சோப்புப் போல வழுக்கும். மேலே உட்கார்ந்திருக்கிற கல் எத்தனை கோடி வருஷக் கல்லாக இருந்தால் என்ன, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நான் விரல் தடிப்பு என்று நினைத்தேன். அளவில்லாத படத்தை வைத்து எதையும் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அளவில்லாத படத்தைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். படம் எடுத்தவன் சுத்தியலை எடுக்கத் திரும்பப் போனபோது சுவர் சரிந்திருக்க வேண்டும். கல்லை அகற்றி அவனை எடுக்க ராத்திரி வரை ஆனது. நசுங்கிய போன் கையிலேயே இருந்ததாம். குவாரிக்காரர்களுக்கு அது போதுமே! செல்பி எடுக்கப் போனார், தடுத்தோம், கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அன்னிக்கு உங்ககிட்டப் பேசினாரா சார்?" என்று போலீஸ் கேட்டது. "காலையில பேசினான். சும்மாதான்" என்றேன். என் போன் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் போட்ட அந்த வரிக்கு அதைத் தவிர இந்த உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் என் பெண்டாட்டி வடிவம்மாளிடம் அதையேதான் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான், போனைக் கையில் கொடுத்தால் கண்ணு தெரியாது. அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் போன பிறகு என்னிடம் கேட்பாள். "ஏங்க, எம்புள்ள அப்படிப்பட்டவனா? நீங்க சொல்லுங்க." நான் "விடு" என்பேன். தினமும் கேட்டாள். தினமும் விடு என்றேன். கோழைப் பயல் நான், வேறென்ன சொல்ல.

பதினாறாம் நாள் கல் எடுப்பு. எங்களில் செத்தவர்களுக்காக ஒரு கல்லை ஊன்றி, அதுதான் அவர் என்று வைத்து, தினமும் நீர் வார்த்துப் படைத்து, கடைசி நாள் அதைப் பிடுங்கி ஆற்றில் விடுவோம். சங்கருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் நான்தான் செய்யவேண்டும் என்றார்கள். பின்கட்டில் ஊன்றியிருந்த கல் ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் குவார்ட்ஸ். பதினாறு நாளும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். வாய் வரவில்லை.

கல்லைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்ற நேரத்தில் ஓர் ஆள் உள்ளே வந்தார். குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர், சங்கிலிபூதத்தான். கும்பிட்டுவிட்டு வடிவம்மாளிடம்தான் பேசினார்.

"அம்மா, எங்கள வெளிய பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காக. இன்னைக்குக் கல் எடுக்கீகன்னு கேள்விப்பட்டு மனசு கேக்கல. தம்பி செல்பி எடுக்கப் போகல. எட்டுப் பேரு நாங்க இறங்க நின்னோம். இறங்கப்படாதுன்னு மறிச்சுட்டு நின்னுச்சு. மேனேஜர் கத்துதாரு, அப்பமும் விடல. அது இல்லன்னா எங்க எட்டு வீட்லயும் இன்னைக்குக் கல்லுதான்."

வடிவம்மாளின் தம்பி ஆவுடைநாயகம் கேட்டான். "மத்தவனை மறிச்சவன், தான் எதுக்குவே இறங்கினான்?"

"அதான் விளங்கல அண்ணாச்சி. யாருகிட்டயோ போன்ல பேசுச்சு. பேசி முடிச்சதும் மூஞ்சி செத்துப்போச்சு. சுத்தியல எடுத்துட்டு, ஒரு நிமிசம், வந்துருதேன்னு தனியா இறங்கிச்சு."

"யாருகிட்டன்னு தெரியாம இதை எவன் நம்புவான்?" என்றான் ஆவுடை.

வடிவம்மாள் சங்கிலிபூதத்தானையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருந்தவள். என் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அந்த இரண்டு வரிகளை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. அவற்றை அவள் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படித்தாள். அவன் எழுதியது: "பயமா இருக்குப்பா, இறங்கணுமா?" நான் எழுதியது: "ஸ்கேல் இல்லாமல் என்னிடம் கேட்காதே. போய் ஒழுங்காக எடு."

திட்டுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் தேவலை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

"ஆவுடை, இதைப் பேப்பர்க்காரன்ட்டயும் போலீஸ்லயும் காட்டு. எம்மவன் வெளையாட்டுக்குப் போகல. அவுக அப்பா போகச் சொன்னாக, பயந்துக்கிட்டே போனான்னு சொல்லு. அப்படியே எழுதச் சொல்லு."

"அக்கா, அத்தான் பேரும்ல வரும்."

"வரட்டும். அவுகளும் அதுக்குத்தான குடுத்திருக்காக?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பதினாறு நாளில் நான் சொன்னதில் அது மட்டும் உண்மை.

சடங்கு செய்ய வந்த அய்யர் நேரமாகிறது என்றார். நான் கல்லைப் பிடுங்கக் குனிந்தேன். வடிவம்மாள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க தொடாதீக" என்றாள்.

பொம்பளைகள் எடுக்கிற வழக்கம் இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைப் பைய விலக்கி, "வாலே சங்கரு" என்று கூப்பிட்டு எடுத்தாள். ஆவுடையும் சங்கிலிபூதத்தானும் அவளோடு ஆற்றுக்குக் கிளம்பினார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.