குண்டோதரன் தின்ற கோலம்

எங்கள் வீட்டில் தரை கூட்டும் ரோபோவுக்குக் குண்டோதரன் என்று பெயர் வைத்தவள் என் மனைவி பிரமிளாதான். வாங்கிய முதல் வாரத்திலேயே அது என் காலுறை ஒன்றையும் அவளுடைய ஹேர்பின் நான்கையும் விழுங்கியது. மீனாட்சி கல்யாணத்தில் அண்டா அண்டாவாகச் சோறு தின்ற பூதம் நம் வீட்டில் வந்து பிறந்திருக்கிறது என்றாள்.

பினாங்கு ஜெலுத்தோங்கில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. ஸ்பீக்கரிடம் 'விளக்கு' என்று சொன்னால் எரியும், 'ஃபேன்' என்று சொன்னால் சுற்றும். எல்லாம் என் வேலை. பகலில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைப் பரிசோதிப்பேன். மாலையில் புதிய கருவிகளைப் பற்றித் தமிழில் வீடியோ போடுவேன். நான்கு வருடத்தில் ஆயிரத்து நூறு பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள், பிரமிளா வாசற்கதவுக்கு உள்ளே ஹாலில் வண்ண அரிசியில் மயில் கோலம் போட்டாள். நீலம், பச்சை, கத்தரிப்பூ நிறம். மூன்று மணி நேரம். முடித்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டே குளிக்கப் போனாள். நான் அறையில் ஒரு ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி. குண்டோதரன் தினமும் புறப்படும் நேரம்.

அது எங்கெங்கே போகக் கூடாது என்று ஆப்பில் உள்ள வரைபடத்தில் நான் சிவப்புக் கட்டங்கள் போட்டிருந்தேன். என் மேசைக்கடியில் ஒன்று, சார்ஜர் வயர்களுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. கோலத்துக்குப் போட எனக்குத் தோன்றவில்லை.

அவள் போட்ட கூச்சலில் ஓடி வந்தேன். மயிலுக்கு வால் மட்டும் மிச்சம் இருந்தது. ஹால் சுவரில் நான் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஈரத் தலையில் துண்டோடு, இடுப்பில் கை வைத்து, அவள் ரோபோவைப் பார்த்துக் கத்துகிறாள்:

"டேய் குண்டோதரா! மூனு மணி நேரம்டா! குனிஞ்ச இடுப்பு இன்னும் நிமிரல, அதுக்குள்ள மயிலத் தின்னுட்டியா? இருடா, நாளைக்கு சாமிக்கு உன்னத்தான் படைக்கப் போறேன்!"

அவள் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பதிவேற்றினேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தீபாவளி அன்று மாலைக்குள் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் போனை நீட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்தக் குரலை வைத்து ஆயிரம் பேர் வீடியோ செய்தார்கள். பூனை மீனைத் திருடுகிறது: "மூனு மணி நேரம்டா!" பினாங்குப் பாலத்தில் கெரெத்தாக்கள் ஹாரன் அடித்தபடி நெரிசலில் நிற்கின்றன: "இடுப்பு இன்னும் நிமிரல!" ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

வீட்டில் ஏதோ குறைகிறது என்று எனக்குச் சொன்னது ஆப்தான்.

எந்த விளக்கை யார் எப்படிப் போட்டார்கள் என்று அதில் பட்டியல் வரும். வழக்கமாக 'குரல்', 'குரல்' என்றே இருக்கும். பிரமிளா விளக்கோடு சண்டை போட்டுத்தான் அதை எரியவிடுவாள். இப்போது பத்து நாளாக 'சுவிட்ச்', 'சுவிட்ச்', 'சுவிட்ச்'. ஏதோ கோளாறு என்று ஸ்பீக்கரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். கோளாறு இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது ஹால் கேமராவின் மேல் ஒரு துண்டு கிடந்தது. பிரமிளா வெளியே மாடி நடைபாதையில் நின்று அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் உள்ளே வந்து செருப்பை ஓரமாக வைத்தாள்.

"ஏம்மா வெளிய நின்னு பேசுற?"

"சும்மா."

"கேமரா மேல துண்டு?"

"காயப் போட்டேன்."

"ஹாலுக்குள்ளயா?"

அவள் என் கையைப் பிடித்து நடைபாதைக்கே இழுத்துக்கொண்டு போனாள். கீழே பசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைகளுக்குக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு கிளினிக்ல ஒரு அங்கிள். இருமல் மருந்து எடுத்துக் குடுக்கிறேன். 'நீங்க குண்டோதரன் அக்காதானே, ஒரு தடவ அத சொல்லுங்களேன்'னு கேக்குறாரு. கவுண்டர்ல பத்துப் பேரு. கூட வேலை செய்ற ரொஸ்னா வேற, தமிழே தெரியாது அவளுக்கு, 'மூனு மனி நேரம்டா'ன்னு தினமும் காலையில குட் மார்னிங் மாதிரி சொல்றா."

"எல்லாம் பாசத்துலதானேம்மா. ஒருத்தரும் தப்பாப் பேசலயே. கமெண்ட்ஸ் பாரு, எல்லாரும் உன்ன..."

"கமெண்ட்ஸ் படிச்சேன்லா. அது இல்ல." அவள் கம்பிமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அந்த வீடியோ பத்தொன்பது செகண்டு. கேமராவுல எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று.

"திட்டி முடிச்சு நான் தரையில உக்காந்தேன். அந்த வால நேராக்கப் பாத்தேன். அழுதேன். அது வீடியோவுல இல்ல. வெட்டிட்டீங்க."

"உன்ன அழ வச்சுக் காட்டக் கூடாதுன்னுதான்..."

"வெட்டுனீங்கன்னா, பாத்திருக்கீங்க. நான் அழறதப் பாத்துட்டு எந்த இடத்துல நிறுத்தினா சிரிப்பு வரும்னு யோசிச்சிருக்கீங்க. அன்னிக்கு ஒரு தடவ 'ஏம்மா அழுத'ன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்று அவளோடு கோலத்தைத் திரும்பப் போடலாமா என்றுகூடக் கேட்கவில்லை. நிறம் கலந்த அரிசியை அவள் தனியாகவே அள்ளினாள். அறையிலிருந்தபடியே நான் அந்த வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப வீட்டுக்குள்ள வாயத் திறக்கவே பயமா இருக்கு. எதச் சொன்னாலும் நீங்க எந்த இடத்துல வெட்டுவீங்கன்னு தோணுது."

அங்கேயே நின்று வீடியோவை நீக்கினேன். ஏழு லட்சத்தைத் தொட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், விரல் ஒரு கணம் தயங்கியது. அவள் அந்தக் கணத்தையும் பார்த்தாள்.

"எடுத்தாச்சு."

"மத்தவங்க போட்டது?"

"அத என்னால எடுக்க முடியாதும்மா."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுவிட்சைத் தட்டும் ஓசை கேட்டது.

சனிக்கிழமை ஹால் கேமராவைக் கழற்றினேன். சுவரில் இரண்டு ஆணி ஓட்டைகள் தெரிந்தன. ஸ்பீக்கரை எடுத்துப் பெட்டியில் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் உப்பு, ரசம், நாளைக்கு என்ன என்ற அளவுக்குத்தான் பேச்சு. சேனலில் புதிதாக எதையும் போடவில்லை. குண்டோதரன் எப்போது திரும்ப வருவான் என்று ஊர் பேர் தெரியாத நூறு பேர் கேட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கிளினிக் தோழிகளுக்காகத் தீபாவளித் திறந்த இல்ல விருந்து வைத்திருந்தோம். அன்று காலையில் பார்த்தால், பிரமிளா வாசலருகே மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணங்களில் வண்ண அரிசி. இந்த முறை மயில் இல்லை, ஒரு சிறிய தாமரை. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"எந்தக் கலர்?"

அவள் ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "ஓரத்துக்குப் பச்சை. கோட்ட விட்டு வெளிய சிந்தக் கூடாது."

சிந்தினேன். அவள் விரலால் ஒதுக்கினாள். பின்பு நான் அடுப்படியைக் கூட்ட ரோபோவை ஓட விட்டேன். அது வழக்கம்போல் அடுப்படியை முடித்துவிட்டு நேராக ஹாலுக்கு உருண்டு வந்தது. பிரமிளா இரண்டு கைகளையும் கோலத்துக்குக் குறுக்கே விரித்தாள். தாமரைக்கு ஒரு சாண் தள்ளி அது நின்றது, தயங்கியது, முழுவட்டம் திரும்பிப் போனது. முந்தின நாளே அங்கே சிவப்புக் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து, சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு போய்க்கொண்டிருந்த குண்டோதரனின் முதுகைப் பார்த்து உரக்க ஒன்று சொன்னாள். முதலில் சொன்னதைவிட இது பல மடங்கு மேல். நான் பச்சை அரிசிக் கிண்ணத்தோடு சாய்ந்து விழுந்து சிரித்தேன். என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. போன் அறையில் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ரொஸ்னா பலகாரப் பெட்டியோடு நின்றாள். என்ன இவ்வளவு சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன் என்று மலாயில் கேட்டாள்.

பிரமிளா என்னைப் பார்த்தாள்.

"ஒன்னுமில்ல ரொஸ்னா," என்றேன் நானும் மலாயில். "உள்ள வா. கோலத்தப் பாத்து கால வை."